எழுநூறு கிராம்

2021 ஜூலை முதல் வாரத்தில், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆறு மாதத்திலேயே ஒரு குழந்தை பிறந்தது. தாய் பெரியகுளம் பக்கம். எடை 700 கிராம். சில மணி நேரத்தில் குழந்தை இறந்துவிட்டதாகச் சொல்லி வீட்டாரிடம் ஒப்படைத்தார்கள். அடக்கம் செய்யக் கொண்டுபோன இடத்தில் அது அசைந்தது. அலறிப் புடைத்துக்கொண்டு அதே மருத்துவமனைக்குத் திரும்ப ஓடினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள், விசாரணைக்கு உத்தரவானது, இரண்டொரு நாள் தொலைக்காட்சிகளில் ஓடியது. பிறகு வேறு செய்தி வந்தது.

கெங்குவார்பட்டியில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைப் படிப்பது சென்னையிலிருந்து படிப்பதைப் போல இல்லை. வத்தலக்குண்டிலிருந்து வரும்போது தேனி மாவட்டம் ஆரம்பிக்கிற விளிம்பில் இருக்கிறது எங்கள் ஊர். தலைக்கு மேலே கொடைக்கானல் மலை, சுற்றிலும் தென்னையும் மாந்தோப்பும். க.விலக்கில் இருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். 40 கிலோமீட்டருக்கு மேல். எதிர்ப்பக்கம் திரும்பினால் மதுரை ராஜாஜி மருத்துவமனை இன்னும் தூரம். ஆறாம் மாதத்தில் பனிக்குடம் உடைந்த பெண்ணுக்கு வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே முதல் வைத்திய முடிவு. குறைமாதக் குழந்தையை ஏற்றிப் போவதற்குத் தாயின் வயிற்றைவிட நல்ல வாகனம் கிடையாது. வசதியுள்ள இடத்தில் பிறக்கிற குழந்தைக்கும், வெளியில் பிறந்து அங்கே கொண்டுபோகப்படுகிற குழந்தைக்கும் பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. அந்த முடிவை எடுப்பவர்கள் யார்? கிராமச் செவிலியர், 108 ஊழியர், சில நேரம் மாமியார், சில நேரம் ஆட்டோக்காரர். அறவியல் புத்தகங்களில் இவர்கள் யாருக்கும் அத்தியாயம் இல்லை.

தேனிச் செய்தி வந்த அன்றைக்கு எல்லோரும் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான். அது சோம்பேறித்தனமான வாக்கியம். 2017 நவம்பர் கடைசியில் டெல்லியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் இதேதான் நடந்தது. 22 வாரத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகள் இரண்டும் இறந்ததாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மயானத்துக்குப் போகும் வழியில் ஒன்று அசைந்தது. அந்தக் குழந்தை ஒரு வாரம் இருந்து இறந்தது. பணம் கட்டின இடத்தில் நடந்ததும் பணம் கட்டாத இடத்தில் நடந்ததும் ஒன்றே என்றால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

இவ்வளவு சிறிய உயிர் இறப்பது நாம் நினைக்கிற மாதிரி நடப்பதில்லை. 700 கிராம் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 60 மில்லி அளவுதான். தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லாததால் நிமிடக் கணக்கில் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் இதயம் மெதுவாகும், அழுகை நிற்கும், அசைவு நிற்கும், நிறம் மாறும். மூச்சு விட்டுவிட்டு, எப்போதோ ஒருமுறை ஏங்குவது போல வரும். ஒரு ஏக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பார்த்தால் இறந்த குழந்தை. ஏங்கும்போது பார்த்தால் உயிருள்ள குழந்தை. இதற்கு ஒரே பரிகாரம் யாராவது ஒருவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்பது, விட்டு, மறுபடி கேட்பது. இயந்திரத்துக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது. ஆகிற செலவெல்லாம் ஓர் ஆளின் நேரம்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு வென்டிலேட்டர் வைப்பதில்லை என்று முடிவு எடுப்பது நியாயமாக இருக்கலாம். ஆனால் வைப்பதில்லை என்று முடிவானதும் குழந்தையைப் பார்ப்பதும் நின்றுவிடுகிறது. வைத்தியம் வேண்டாம் என்பதும் கவனிப்பு வேண்டாம் என்பதும் ஒன்றாகிவிடுகிறது. இடையில் இருக்க வேண்டிய பல மணி நேர வேலையைச் செய்ய நம்மிடம் ஆளும் இல்லை, இடமும் இல்லை, அதைச் சொல்லப் பழகின வார்த்தையும் இல்லை.

ஊரில் கணக்கு மாதத்தில் ஓடும். ஏழாம் மாதம் பிறந்தால் தங்கும், எட்டாம் மாதம் பிறந்தால் தங்காது என்பார்கள் பாட்டிமார். பழைய கிரேக்க வைத்தியர்களும் இதையே நம்பினார்கள் என்பது ஆச்சரியம்தான். எங்கள் அப்பத்தாக்களுக்கு அவர்களைத் தெரிந்திருக்க நியாயமில்லை. வைத்தியப்படி எட்டாம் மாதக் குழந்தைதான் நன்றாகப் பிழைக்கும். மருத்துவர்கள் வாரத்தில் எண்ணுகிறார்கள். 37 வாரம் நிறையாமல் பிறந்தால் குறைமாதம், 28 வாரம் நிறையாமல் பிறந்தால் அதீதக் குறைமாதம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பிரிவு. 2020இல் உலகம் முழுக்கக் குறைமாதத்தில் பிறந்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம். அதில் 30 லட்சம் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

'ஆறு மாசம்' என்று ஒரு பெண் சொன்னால் அது 22 வாரமாகவும் இருக்கலாம், 26 வாரமாகவும் இருக்கலாம். அந்த நான்கு வாரத்துக்குள் எல்லாமே மாறிவிடுகிறது. 22இல் நுரையீரலில் காற்று மாற வேண்டிய பைகள் உருவாகியே இருக்காது. 26இல் உருவாகத் தொடங்கியிருக்கும். மருந்தும் மூச்சுக் கருவியும் சேர்ந்தால் நிறையக் குழந்தைகள் மீள்கிறார்கள். கடைசித் தீட்டு எப்போது என்று கேட்டால் பொங்கலுக்கு முன்னால் என்றோ, கோயில் கொடை சமயம் என்றோதான் பதில் வரும். முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் ஒரு வாரத்துக்குள்ளான துல்லியத்தோடு சொல்லிவிடலாம். விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் பெண்ணுக்கு அந்த ஸ்கேனுக்கு ஒரு நாள் கூலி போகும். ஆறாம் மாதத்தில், அவள் குழந்தையைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்பது அந்த ஒரு நாள் கூலியில் வந்து நிற்கிறது.

இது வெறும் கணக்குத் தகராறு என்று தள்ளிவிட முடியாது. குறைமாதப் பிரசவம் ஆகப்போகிறது என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் காட்டிய வழி. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்ந்துவிடும். நம் அரசின் வழிகாட்டுதல்படி டெக்சாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன் முதல் ஊசியைச் செவிலியரே போடலாம். விலை அற்பம். இதை எல்லாக் கிராமங்களுக்கும் கொண்டுபோனால் என்ன என்று ஆறு நாடுகளில் பெரிய ஆய்வு நடத்தினார்கள். நம் பெலகாவியும் நாக்பூரும் அதில் உண்டு. முடிவு தலைகீழாக வந்தது. ஊசி பரவலாகப் போடப்பட்ட இடங்களில் பிறந்த குழந்தைகளின் சாவு கூடியிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட பல பெண்களுக்குக் குறைமாதமே இல்லை. நாள் கணக்கு தப்பு. பிறகு 2020இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், ஸ்கேனால் வாரத்தை உறுதி செய்து, பச்சிளம் குழந்தைகளைக் கவனிக்க வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் போட்டபோது அதே மருந்து உயிர்களைக் காத்தது. நல்ல மருந்து என்று தனியாக ஒன்று இல்லை. அதற்கு முன்னும் பின்னும் ஆள் இருந்தால்தான் அது நல்ல மருந்து.

பிழைக்க முடிகிற எல்லை என்பதும் அப்படித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். 2 கிலோவுக்கு மேல் எடை. உலகத்தின் எந்த மருத்துவரையும் வரவழைக்கக் கூடிய வீட்டுப் பிள்ளை 39 மணி நேரத்தில் மூச்சு முட்டி இறந்தான். அந்த எடையில் இன்று தேனியில் பிறக்கிற குழந்தை, பெரும்பாலும், சில நாள் இன்குபேட்டர் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகும். 2020இல் அலபாமாவில் 21 வாரம் 1 நாளில், 420 கிராமில் பிறந்த ஒரு பையன் பிழைத்திருக்கிறான். ஜப்பானில் 22 வாரக் குழந்தைகளைக் காப்பாற்ற முனைவது வழக்கமாகிவிட்டது. நம்மூரில் பல அரசுப் பிரிவுகளில் இன்னமும் 28 வாரம், 1 கிலோ என்பதுதான் மனதுக்குள் இருக்கும் கோடு. அந்தக் கோட்டை யாரும் சுவரில் எழுதி ஒட்டுவதில்லை.

பிரிட்டனில் 2019இல் பச்சிளம் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதை எழுதி வைத்தது. வாரத்தை மட்டும் பார்க்காதே, ஆபத்தைக் கணக்கிடு என்றது. இறக்கவோ கடுமையான ஊனத்தோடு வாழவோ உள்ள வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்றால் வலியில்லாமல் பார்த்துக்கொள்வதே முறை. 50க்குக் கீழ் என்றால் முழு சிகிச்சை. இடைப்பட்டதில் பெற்றோர் விருப்பம். ஆபத்தைக் கணக்கிடும்போது எதையெல்லாம் சேர்க்கிறார்கள் என்று பார்த்தேன். எடை, ஒற்றையா இரட்டையா, தாய்க்கு ஊசி போட்டாயிற்றா, எங்கே பிறக்கிறது. பிறகு, ஆணா பெண்ணா. பெண் என்றால் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். குறைமாதத்தில் பெண் குழந்தைகள் இயற்கையிலேயே வலுவானவர்கள்.

இந்த வரியை எங்கள் மாவட்டத்தில் இருந்து படிக்கும்போது கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே போக முடியும். பெண் சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல் என நீட்டினார்கள். ஏன் இங்கே நீட்டினார்கள் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உசிலம்பட்டி மலைக்கு அந்தப் பக்கம்தான். நாடு முழுக்கப் பார்த்தாலும் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் சேர்க்கப்படுகிறவர்களில் ஆண் குழந்தைகளே அதிகம். ஆண் குழந்தைகளுக்கு நோய் கொஞ்சம் அதிகம் என்பது உண்மை; இடைவெளி முழுவதையும் அது விளக்காது. எனவே 'பெற்றோர் விருப்பம்' என்ற மூன்றாம் வகையை அப்படியே இங்கே கொண்டுவர எனக்குப் பயம் உண்டு. மருத்துவரிடம் முழுதாக விட்டுவிடவும் பயம். பெற்றோர் விருப்பம் என்றால் இங்கே யாருடைய விருப்பம்? பெற்றவள் பிரசவ வார்டில் மயக்கம் தெளியாமல் கிடப்பாள். குழந்தை வேறு கட்டடத்தில். வராந்தாவில் நின்று மருத்துவர் சொல்வதைக் கேட்பவர்கள் கணவன், மாமனார், தாய்மாமன், ஊரில் விவரம் தெரிந்த ஒருவர். "பிழைச்சாலும் மூளை வளர்ச்சி இருக்குமான்னு சொல்ல முடியாது" என்பார் மருத்துவர். "அப்ப எதுக்குங்கய்யா" என்பார் பெரியவர். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு, 'எங்கள் சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறோம்' என்று ஒரு கையெழுத்து. அந்தத் தாளில் அம்மாவின் கையெழுத்து இருக்காது.

பணம் இதில் எங்கே வருகிறது என்றால், எல்லா இடத்திலும். 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். அது பெரிய காரியம். ஆனால் 700 கிராம் குழந்தை வீட்டுக்குப் போகும் எடைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அத்தனை நாளும் தாய் அங்கேயே இருக்க வேண்டும், துணைக்கு ஒருத்தி, வீட்டில் மூத்த பிள்ளைக்குச் சமைக்க இன்னொருத்தி. மதுரையில் தனியாரிடம் போனால் முதல் வாரத்திலேயே நகை போய்விடும், மூன்றாவது வாரம் நிலம். பணம் தீர்கிற நாளில்தான் பல குழந்தைகளுக்கு 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்பது தெரியவருகிறது. இதை மருத்துவர்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவர்களிடமும் தனியாகப் பேசினால் இதையேதான் சொல்கிறார்கள்.

காப்பாற்றிவிட்டால் கணக்கு முடிந்தது என்றும் இல்லை. 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையில் 29 வாரத்தில் 1250 கிராமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள், பிழைத்தாள், வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்வை போய்விட்டது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தநாளங்கள் முழுதாக வளர்ந்திருக்காது. உயிர் காக்கும் ஆக்ஸிஜனே அளவு தப்பினால் அவற்றைத் தாறுமாறாக வளரவைக்கும். உரிய நாளில் கண்ணைப் பரிசோதித்தால் லேசரால் தடுத்துவிடலாம். பரிசோதிக்க வேண்டும் என்று அந்தப் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 ஜூலை 1 அன்று 1 கோடியே 80 லட்சம் ரூபாய் அளவுக்கு இழப்பீடு தீர்ப்பானது. அந்தப் பெண்ணுக்கு அப்போது 18 வயது. அமெரிக்காவில் 1940களிலும் 50களிலும் இதே ஆக்ஸிஜனால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்து பாடம் படித்தாயிற்று. நாம் அந்தப் பாடத்தை அரை நூற்றாண்டு கழித்து, ஒரு சிறுமியின் கண்ணை வைத்துப் படித்தோம். இப்போது 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைந்தாலோ 30 நாளுக்குள் கண் பார்க்க வேண்டும். மிகச் சிறியவர்களுக்கு இன்னும் முன்னதாக. தேனியில் 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கண் வைத்தியத்துக்கு இந்த மாவட்டம் புதிதில்லை. எந்தத் தேதிக்குள் எங்கே போக வேண்டும் என்று தாயின் கையில் எழுதிக் கொடுத்து, போனாளா என்று போன் போட்டுக் கேட்க ஒருவர் வேண்டும்.

தேவதானப்பட்டியில் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில் எங்களுக்குப் பக்கம். அங்கே மூலஸ்தானக் கதவு திறப்பதே இல்லை. பூட்டிய கதவுக்குத்தான் பூசை, கதவின் முன்னால்தான் வேண்டுதல். குழந்தைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்தால் எனக்கு அந்தச் சன்னதிதான் நினைவுக்கு வரும். சாமிக்கு அது சரி. ஆஸ்பத்திரிக்குச் சரியில்லை என்பது இப்போது ஆய்வாலேயே தெரிந்துவிட்டது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டி போதாமல் போனபோது எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு கட்டிவிட்டார். ஏழைகளின் மாற்று ஏற்பாடு என்று வெகுகாலம் கருதினார்கள். 2021இல் வெளியான ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளை நிலைமை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே தாயோடு சேர்த்தபோது இறப்பு 25 சதவீதம் குறைந்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஓர் இடம். அதற்காகத் தாயையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே படுக்கவைத்தார்கள். கதவு திறந்தது. 700 கிராம் குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் தாய் உள்ளே இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: அவளுக்குத் தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது.

சட்டம் இந்த இடத்தில் தடுமாறுகிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி சில நிலைமைகளில் 24 வாரம் வரை கருவைக் கலைக்கலாம். கருவில் கடுமையான குறை இருந்தால் அதற்கு மேலும். 2023 அக்டோபரில் 26 வாரம் தாண்டிய ஒரு பெண் கலைக்க அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் போனபோது, எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்டார்: இதயத்தை முதலில் நிறுத்தவா, இல்லையென்றால் உயிருள்ள குறைமாதக் குழந்தை அல்லவா பிறக்கும்? நீதிமன்றம் அனுமதி மறுத்தது. ஒரு மாடியில் கலைக்கப்படும் வாரமும் அடுத்த மாடியில் காப்பாற்றப்படும் வாரமும் நெருங்கிக்கொண்டே வருகின்றன. உயிர்காப்புக் கருவியை விலக்குவது பற்றி 2018இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிக்கு இரண்டு மருத்துவக் குழுக்கள் வேண்டும். 2023இல் எளிதாக்கியபோது ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்வது நல்லது என்றார்கள். இந்தக் குழந்தைகளில் பலரின் முழு ஆயுளும் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே யாரும் எழுதுவதில்லை. வாய்மொழியாகவே நடக்கிறது. எழுதப்படாத முடிவுக்குப் பொறுப்பாளி கிடையாது. குழந்தையை மறுபடி போய்ப் பார்க்க வேண்டிய கடமையும் யாருக்கும் கிடையாது.

ஆனால் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. எத்தனை வாரமானாலும், வெளியே வந்தபின் உயிரின் அடையாளம் ஒன்று தெரிந்தால் அது பிறப்பு. பதிவேட்டில் பிறந்ததாக ஒரு வரி, இறந்தால் இன்னொரு வரி. வீட்டில் 'கலைஞ்சு போச்சு' என்று சொல்லிக்கொள்ளலாம். அரசாங்கம் அப்படிச் சொல்லக் கூடாது.

என்னைக் கேட்டால், இன்றைய தேனியில் 22, 23 வாரக் குழந்தைக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்றே சொல்வேன். 26 தாண்டியிருந்தால் பெண்ணா ஆணா, பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் முழு சிகிச்சையும் தர வேண்டும். இடைப்பட்ட 24, 25இல் தாய் சொல்லட்டும். முடிவைக் குழந்தையின் தாளில் எழுதி, இரண்டு மருத்துவர்கள் கையெழுத்துப் போடட்டும். வேண்டாம் என்று முடிவான குழந்தைக்கும் சூடு வேண்டும், வலிக்கு மருந்து வேண்டும், உதட்டை நனைக்க ஒரு துளி பால் வேண்டும், மணிக்கொருமுறை இதயத்தைக் கேட்டுக் குறித்துவைக்கும் ஒரு செவிலியர் வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இலேயே கடைசிக்காலக் கவனிப்பு பற்றி ஒத்த கருத்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மாவட்ட அளவில் அதற்கு ஒரு படுக்கையும் ஒரு நாற்காலியும் ஒதுக்கினால் அது நடைமுறை ஆகிவிடும். நாற்காலி தாய்க்கு. பிரசவ வார்டிலிருந்து அவளை அங்கே கொண்டுவரச் சக்கர நாற்காலி ஒன்று போதும். அது எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. தள்ளுவதற்குத்தான் ஆளைத் தேட வேண்டும்.